கெர்னலுக்குள் ஓர் அஞ்சறைப்பெட்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? "சார், என் மெஷினும் பக்கத்து வீட்டு மெஷினும் ஒரே கிகா ஹெர்ட்ஸ்தான். ராமும் 8 ஜிபிதான். அது மட்டும் எப்படி வேகமாக ஓடுகிறது?" என்பதற்குத்தான்.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அங்கே எஸ்எஸ்டி இருக்கும், இங்கே பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும். பிராசசரின் தலைமுறை வேறாக இருக்கும். இவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் கேஷ் மெமரி. அந்தச் சின்ன மெமரியை வீணாக்காமல் பயன்படுத்த, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுபவர்கள் உள்ளே பெரிய பாடு படுகிறார்கள். எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் அவர்களுடைய கவலை. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கும்போதும், பழையதைத் தூக்கிப்போட நினைக்கும்போதும் சரியான முடிவு எடுக்கலாம்.

பிராசசர் ஏன் காத்திருக்கிறது?

3 கிகா ஹெர்ட்ஸ் பிராசசர் என்றால் ஒரு செகண்டுக்கு 300 கோடி துடிப்புகள். ஆனால் ராமிலிருந்து ஒரு தகவலை எடுத்து வர ஏறத்தாழ 100 நானோ செகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிராசசர் 300 முறை துடித்துவிடும். அத்தனை துடிப்பும் வெறும் காத்திருப்பாகவே போகலாம். இதைத் தவிர்க்கத்தான் பிராசசருக்கு உள்ளேயே சிறிய, மிக வேகமான மெமரியை வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் தகவல் நான்கைந்து துடிப்பில் கைக்கு வந்துவிடும்.

நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி. கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் கையெட்டும் தூரத்தில். இதுதான் எல்1 கேஷ். சமையலறை அலமாரி எல்2, எல்3 கேஷ். கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடை என்பது ராம். ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ என்றால், சரக்கு வாங்க விருதுநகருக்கே பஸ் ஏறுவது போல!

எண்ணெய் காய்ந்த பிறகு கடுகுக்காகக் கீழமாசி வீதிக்கு ஆள் அனுப்பினால் தாளிப்பு என்ன ஆகும்? பிராசசருக்கும் அதே கதிதான்.

செலிரான் சொன்ன பாடம்

கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதை 1998-லேயே வீட்டுக் கம்ப்யூட்டர்கள் காட்டிவிட்டன. அந்த ஆண்டு ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் குறைந்த விலையில் செலிரான் பிராசசரை வெளியிட்டது. வேகம் 266 மெகா ஹெர்ட்ஸ். விலையைக் குறைப்பதற்காக, பென்டியம் 2-ல் இருந்த 512 கேபி எல்2 கேஷை அடியோடு எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களும் விமர்சகர்களும் முகம் சுளித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் செலிரான் 300ஏ வந்தது. இதில் 128 கேபி எல்2 கேஷ் சிப்பின் உள்ளேயே இருந்தது. கேஷ் இல்லாத 300 மெகா ஹெர்ட்ஸ் செலிரானும் அப்போது கடைகளில் கிடைத்தது. இரண்டுக்கும் மெகா ஹெர்ட்ஸ் ஒன்றுதான். வேலையிலோ தெளிவான வித்தியாசம். 300ஏ பெரும் பெயர் வாங்கியது. மெகா ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

64 பைட் பொட்டலம்

இனி விஷயத்துக்கு வருவோம். பிராசசர் ராமிலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கேட்டாலும், அது தனியாக வராது. அதைச் சுற்றியுள்ள 64 பைட்டும் ஒரே பொட்டலமாக வரும். இதற்குக் கேஷ் லைன் என்று பெயர். இன்றைய இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் இதன் அளவு 64 பைட்.

இது நல்ல ஏற்பாடா, கெட்ட ஏற்பாடா? பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடுகு கேட்டபோது கூடவே உளுந்தும் சீரகமும் வந்தால் லாபம். கடுகோடு பழைய ரசீதும் ஆணியும் வந்தால் நஷ்டம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் பெயர், முகவரி, பெற்றோர் பெயர், மதிப்பெண் எல்லாம் சேர்த்து 256 பைட் பிடிக்கும் ஒரு பதிவு. இதில் மதிப்பெண் மட்டும் 4 பைட். இப்போது சராசரி மதிப்பெண் கணக்கிட வேண்டும். பதிவுகளை அப்படியே வரிசையாக வைத்திருந்தால், ஒரு மாணவருக்கு ஒரு பொட்டலம் வீதம் 1,000 பொட்டலம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 4 பைட் பயன்படும், 60 பைட் வீண்.

மதிப்பெண்களை மட்டும் தனிப் பட்டியலாக அடுக்கி வைத்தால்? ஒரு பொட்டலத்தில் 16 மதிப்பெண் வரும். 63 பொட்டலத்தில் வேலை முடிந்தது. பிராசசரும் அதேதான், ராமும் அதேதான், கணக்கும் அதேதான். மாறியது அடுக்கு முறை மட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்

இன்னொரு சங்கதியும் உண்டு. சி மொழியில் பல தகவல்களைச் சேர்த்து ஒரே பதிவாக வைப்பதற்கு ஸ்ட்ரக்சர் என்று பெயர். அதில் 1 பைட் தகவல் ஒன்று, அடுத்து 8 பைட் எண் ஒன்று, மறுபடி 1 பைட் தகவல் ஒன்று என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10 பைட்தானே? 64 பிட் கம்ப்யூட்டரில் இது 24 பைட் பிடிக்கும்! 8 பைட் எண், 8-ன் மடங்கான இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நடுவில் 7 பைட், கடைசியில் 7 பைட் காலியாக விடுகிறது. 8 பைட் எண்ணை முதலில் எழுதி, இரண்டு 1 பைட் தகவல்களையும் பின்னால் சேர்த்து எழுதினால் 16 பைட்தான். ஒரு லட்சம் பதிவு என்றால் 8 லட்சம் பைட் மிச்சம்.

இந்த ஓட்டைகளைத் தேடிப்பிடிக்க ஒரு புரோகிராமே இருக்கிறது. பெயர் 'பாஹோல்'. பிரேசில் நாட்டுக்காரரான அர்னால்டோ கர்வால்யோ டி மெலோ எழுதியது. லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்கள் தங்கள் ஸ்ட்ரக்சர் எத்தனை கேஷ் லைன் பிடிக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை இதில் பார்த்துக்கொள்கிறார்கள்.

கெர்னலில் இது ஏன் இவ்வளவு முக்கியம்?

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. நீங்கள் பாட்டு கேட்டாலும், படம் பார்த்தாலும், கடிதம் டைப் செய்தாலும் ஒவ்வொரு புரோகிராமும் கோப்புக்காக, மெமரிக்காக, நெட்வொர்க்குக்காகக் கெர்னலிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஆகவே அங்கே ஒரு பொட்டலம் வீணானால் எல்லோருக்கும் வீண். அங்கே ஒரு பொட்டலம் மிச்சமானால் எல்லோருக்கும் மிச்சம்.

"நான் விண்டோஸ்தானே வைத்திருக்கிறேன், லினக்ஸ் எனக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். மேலும் விண்டோஸ் கெர்னலின் சோர்ஸ் கோடை நாம் பார்க்க முடியாது. லினக்ஸ் கெர்னலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதனால் உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரிலிருந்து ஒரு பங்களிப்பு

நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் என்ன செய்கிறது? 'ஹோம்' போல்டர், அதில் உங்கள் பெயருள்ள போல்டர், அதில் 'டாகுமென்ட்ஸ்', அதில் 'கடிதம்' என்று ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தேடாமல் இருக்க, சமீபத்தில் பார்த்த பெயர்களை ராமிலேயே ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் 'டென்ட்ரி' என்று பெயர்.

லினக்ஸ் 2.4 காலத்தில் இந்தப் பட்டியல் முழுவதற்கும் ஒரே பூட்டுதான் இருந்தது. கல்யாண மண்டபத்தில் சாமான் அறைக்கு ஒரே சாவி இருப்பது போல. ஒரே சமையல்காரர் என்றால் தொல்லை இல்லை. எட்டுப் பேர் சமைத்தால்? சாவியைக் கை மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். பிராசசர்களிலும் இதுதான் நடக்கிறது. பூட்டைப் போடுவது என்றால் மெமரியில் ஓர் இடத்தில் எழுதுவது. ஒரு பிராசசர் எழுதியவுடன் மற்ற பிராசசர்களின் கேஷில் இருக்கும் அந்தப் பொட்டலம் செல்லாததாகிவிடும். அவை மறுபடி அதை வாங்கி வர வேண்டும். இப்படி ஒரே பொட்டலம் பந்து போல அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் இருவர், பெங்களூரில் ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் பணியாற்றிய தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி. அமெரிக்காவில் இருந்த பால் மெக்கென்னியுடன் சேர்ந்து, பட்டியலைப் படிப்பவர் பொதுப் பூட்டைத் தொடாமலே படிக்கும் வழியைச் செய்தார்கள். ஆர்சியூ என்ற அந்த முறையை இப்படி நினைத்துப் பாருங்கள். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நேர அட்டவணையை மாற்ற வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்களை விரட்டாமல், பக்கத்தில் புதிய போர்டை மாட்டிவிடுகிறார்கள். இனி வருகிறவர்கள் புதியதைப் பார்ப்பார்கள். பழையதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கிளம்பிய பிறகு அதைக் கழற்றிவிடலாம்.

இந்த முறை 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-ல் இடம்பெற்றது. மூவரும் சேர்ந்து இதைப் பற்றி 2004 ஜனவரி லினக்ஸ் ஜர்னல் இதழில் எழுதினார்கள்.

56 பைட்டுக்குள் ஒரு தேடல்

அதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் உரிய சிறு பூட்டு மிச்சம் இருந்தது. 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38-ல் நிக் பிகின் என்பவர் பொதுப் பூட்டை முழுவதும் நீக்கினார். வழியில் உள்ள பெயர்களில் எதையும் எழுதாமலே, படித்துக்கொண்டே போகும் முறையையும் கொண்டுவந்தார். கூடவே டென்ட்ரியின் உள் அடுக்கையும் மாற்றினார்.

ஒரு டென்ட்ரியில் பலவிதத் தகவல்கள் உண்டு. தேடும்போது அவற்றில் சில மட்டும்தான் வேண்டும். அந்தச் சிலவற்றை எல்லாம் முன்னால் கொண்டுவந்து 56 பைட்டுக்குள் அடக்கினார். 64-ல் 56 போக மீதி 8 பைட். அதில் கோப்புப் பெயரின் தொடக்கத்தை வைத்தார். பெயர் சின்னதாக இருந்தால் தேடல் முழுவதும் ஒரே பொட்டலத்தில் முடிந்துவிடும். லினக்ஸ் சோர்ஸ் கோப்புகளில் 32 சதவீதப் பெயர்கள் இதில் அடங்கும், 16 பைட் இடம் கிடைத்தால் 81 சதவீதம் அடங்கும் என்று அவரே குறிப்பு எழுதினார். எட்டே பைட்டுக்காக எவ்வளவு கணக்குப் போடுகிறார்கள் பாருங்கள்!

இங்கே நம் மொழிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 'மதுரை' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 எழுத்து. முடிவைக் காட்ட 1 பைட். மொத்தம் 8. கச்சிதமாக அந்த முதல் பொட்டலத்தில் உட்கார்ந்துவிடும். அதையே தமிழில் எழுதினால்? யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று 5 குறியீடுகள். கோப்புப் பெயரை எழுதும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முடிவையும் சேர்த்து 16 பைட். ஆகவே இரண்டாவது பொட்டலம் வேண்டும். இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். கண் இமைப்பதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட இதனால் கூடாது. ஆனால் லட்சக்கணக்கான கோப்புகளைத் தேடும் சர்வரில் இப்படிப்பட்ட துளிகள்தான் சேர்ந்து பெருவெள்ளம் ஆகின்றன.

2024-ல் வந்த மாற்றம்

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8-ல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த கோகோ லி என்பவர் இதே வேலையை நெட்வொர்க் பகுதியில் செய்தார். இன்டர்நெட் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கெர்னல் பெரிய ஸ்ட்ரக்சர்களை வைத்திருக்கிறது. அவற்றில் தகவல் அனுப்பும்போது தேவைப்படுபவை, பெறும்போது தேவைப்படுபவை, இரண்டுக்கும் தேவைப்படுபவை என்று பிரித்து, சேர வேண்டியவற்றை ஒன்றாக அடுக்கினார்கள். ஏராளமான இணைப்புகள் ஒரே நேரத்தில் இருக்கும் சோதனையில் 40 சதவீதம் வரை வேகம் கூடியது. பிற்பாடு யாராவது தெரியாமல் இடம் மாற்றிவிடாமல் இருக்க, கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள்.

உங்கள் வீட்டு மெஷினில் பத்து இருபது இணைப்புதான் இருக்கும். அதில் இந்த 40 சதவீதம் தெரியாது. ஆனால் பிளஸ் 2 ரிசல்ட் வரும் காலையில் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு சைட்டைத் திறக்கிறார்களே, அந்த மாதிரி நேரத்தில் எதிர்முனையில் இருக்கும் சர்வருக்கு இது பெரிய உதவி. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது.

சரி, உங்களுக்கு என்ன பயன்?

முதலில் உங்கள் மெஷினில் எவ்வளவு கேஷ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியு என்பதைக் கிளிக் செய்தால், கீழே எல்1, எல்2, எல்3 கேஷ் அளவுகள் தெரியும்.

அடுத்து, புதிதாக வாங்கும்போது ஒரே விலையில் இரண்டு பிராசசர் இருந்தால் எல்3 கேஷ் அளவையும் ஒப்பிடுங்கள். கடையில் "கேஷ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். பில் கவுண்டரைக் காட்டிவிடுவார்கள்! "கேஷ் மெமரி எத்தனை எம்பி?" என்று கேளுங்கள். கேஷ் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. தலைமுறை, கோர் எண்ணிக்கை ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, 'கேஷ் கிளீனர்', 'ஸ்பீட் பூஸ்டர்' என்று விற்கும் புரோகிராம்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவை அழிப்பது பிரவுசரும் மற்ற புரோகிராம்களும் டிஸ்க்கில் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை. நாம் இவ்வளவு நேரம் பேசிய பிராசசர் கேஷை அவை தொடுவதே இல்லை. அதை நிரப்புவதும் காலி செய்வதும் பிராசசரே தானாகப் பார்த்துக்கொள்ளும் வேலை.

நான்காவது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புக்காக மட்டுமல்ல. யாரோ முகம் தெரியாதவர்கள் செய்த இப்படிப்பட்ட அடுக்கு வேலைகளும் அதில்தான் இலவசமாக வந்து சேரும்.

கடைசியாக ஒன்று. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பதிந்து கொடுத்தார்கள். அந்த லேப்டாப்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இதற்கிடையே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. "இனி இது வேலைக்கு ஆகாது, புதிதாக வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்து 64 பிட் பிராசசர்களில் இன்றைய லினக்ஸ் கெர்னலும் ஓடும். ராம் குறைவு என்றால் எடை குறைந்த லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் போடலாம். முதலில் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. டைப் செய்யவும், பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகவும் அது போதுமா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

பழைய சிப்பின் கேஷ் சின்னதுதான், அதை நாம் பெரிதாக்க முடியாது. சின்ன அஞ்சறைப்பெட்டி வைத்திருப்பவருக்குத்தான் அடுக்கு முறை அதிகம் உதவும். பிள்ளைகள் சி மொழி படிக்கிறார்கள் என்றால், மேலே சொன்ன 24 பைட், 16 பைட் உதாரணத்தை அந்த லேப்டாப்பிலேயே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வரி புரோகிராம்தான்.